மூட்டு மாற்று அறுவைக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். கேட்டவரின் தாயாருக்கு வயது 61. முடக்குவாதம் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த 6 ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் 7.5 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, வாரம் ஒரு நாள் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அடாலிமுமாப் ஊசி ஆகியவற்றை எடுத்து வருகிறார். இன்னும் ஆறு வாரத்தில் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடக்கவிருக்கிறது. “ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்” என்று அறுவை மருத்துவரின் உதவியாளர் சொல்லியிருக்கிறார். மயக்கவியல் மருத்துவரோ, அறுவை நாளிலிருந்து மூன்று நாள்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டை 100 மி.கி. வீதம் நாளொன்றுக்கு மூன்று ஊசிகள் கட்டாயம் போட வேண்டும் என்கிறார். ஒருவர் நிறுத்தச் சொல்ல, மற்றவர் பத்து மடங்காக்கச் சொல்ல, எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தச் சொன்ன ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அதில் உயிராபத்து இருக்கிறது. ஊசிகளைப் பற்றிய ஆலோசனை அந்த அளவுக்குத் தவறானதன்று. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது, இன்றும் அதை ஓரளவு ஆதரிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆயினும் தங்கள் தாயாரின் நிலையில் உள்ள ஒருவருக்கு, நாள்தோறும் எடுக்கும் அதே 7.5 மி.கி. மாத்திரையை ஒரு நாளும் விடாமல், அறுவையன்று காலையிலும் உட்பட, தொடர்வதே அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நோயாளிகளுக்கு இப்படி எதிரெதிரான பதில்கள் கிடைக்கின்றன.

நிறுத்துவது ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள, உடல் தனக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே எப்படித் தயாரிக்கிறது என்று பார்க்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற இயக்குநீரை அனுப்பி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அட்ரீனல் கார்டிசாலைச் சுரக்கிறது. இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவுக்கு உயர்ந்ததும் மேலே இருக்கும் இரண்டும் அமைதியாகிவிடும். வெளியிலிருந்து பிரெட்னிசோலோன் வரும்போது உடல் அதையும் கார்டிசாலாகவே எண்ணிக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் ஏ.சி.டி.எச். சுரப்பது குறைந்து, தூண்டுவாரில்லாத அட்ரீனலின் புறணி மெல்லச் சுருங்கிப்போகிறது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது விழித்துக்கொள்ளாது. பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்களும் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பு நிறுத்தினால், சுரப்பி இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மாத்திரையும் இல்லாமல், உடலுக்கு மிகப் பெரிய சோதனையான அறுவைக்குள் அவரை அனுப்புகிறோம். கார்டிசால் இல்லாத உடலில் இரத்த நாளங்கள் இறுகி நிற்கும் திறனை இழக்கின்றன; இரத்த அழுத்தம் சரிகிறது; திரவம் ஏற்றினாலும், அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகளைக் கொடுத்தாலும் அது எளிதில் ஏறுவதில்லை.

இது கற்பனையான அச்சமன்று. கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலில் ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தது 1948 இல், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில். படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த ஒரு பெண் சில நாள்களில் எழுந்து நடந்ததைக் கண்டு உலகமே வியந்தது. 1950 இல், அட்ரீனல் இயக்குநீர்களை ஆராய்ந்த ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 1952 இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான குறிப்பு, 34 வயதான ஒரு முடக்குவாத நோயாளியைப் பற்றியது. எட்டு மாதம் கார்டிசோன் எடுத்துவந்த அவருக்கு இடுப்பு மூட்டு அறுவைக்காக அந்த மருந்து நிறுத்தப்பட்டது. அறுவை முடிந்த சில மணி நேரத்தில், எந்தச் சிகிச்சைக்கும் பணியாத இரத்த அழுத்தச் சரிவில் அவர் இறந்தார். பிணக்கூறாய்வில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. அடுத்த ஆண்டே, ஓர் இளம் முடக்குவாத நோயாளி இதே போல் இறந்த இரண்டாவது செய்தியும் வந்தது. அறுவைக்கு வரும் ஸ்டீராய்டு நோயாளிகளுக்கெல்லாம் பேரளவு ஊசி போட வேண்டும் என்ற விதி அந்த ஒரு சில மரணங்களிலிருந்தே பிறந்தது. தங்கள் தாயாருக்கு மயக்கவியல் மருத்துவர் சொன்ன 300 மி.கி. கணக்கும் ஏறத்தாழ அந்தக் காலத்தது.

தாயாருக்கும் அதே நோய், அதே வகையான அறுவை என்பதாலும் இந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னேன். 34 வயதில் இறந்த அந்த மனிதருக்குக் கூடுதல் ஸ்டீராய்டு கிடைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே, அவர் வழக்கமாக எடுத்துவந்த அளவே நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியதால் வந்த மரணத்திலிருந்து “நிறுத்தாதே” என்ற பாடத்தைவிட “அதிகம் கொடு” என்ற பாடத்தையே மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் உரக்கச் சொல்லிவந்தது. வழக்கமான அளவை மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சற்று வேறான காட்சியைக் கண்டார்கள். 1995 இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு எடுத்துவந்த 28 பேருக்கு நடந்த 35 பெரிய எலும்பு அறுவைகளில் அன்றாட அளவைத் தவிர கூடுதலாக எதுவும் தரவில்லை. அட்ரீனல் குறைபாட்டின் அடையாளம் எவரிடமும் தென்படவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனைகளும் இந்தத் துறையில் சிறியவையே; இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அவை ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இதன் அடிப்படையில்தான் அமெரிக்க வாதநோயியல் கல்லூரியும் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கமும் இணைந்து 2017 இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டு, 2022 இல் அதைப் புதுப்பித்தன. முடக்குவாதம், அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதம், சொரியாசிஸ் மூட்டழற்சி, லூபஸ் ஆகியவற்றுக்காக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இடுப்பு அல்லது முழங்கால் மாற்று அறுவைக்கு வரும்போது, பேரளவு ஊசிக்குப் பதிலாக அன்றாட அளவையே தொடர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இது நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை, அதாவது சான்றுகளின் வலிமை குறைவு என்று எழுதியவர்களே சொல்கிறார்கள். பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு நிலைப்பாட்டை எடுக்கிறது. நான்கு வாரமோ அதற்கு மேலோ நாளொன்றுக்கு 5 மி.கி. அல்லது அதைவிட அதிக பிரெட்னிசோலோன் எடுத்த எவரையும் அட்ரீனல் குறைபாடு உள்ளவராகவே கருதி, பெரிய அறுவையில் மயக்கம் கொடுக்கும்போது 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோனும், பின்னர் 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. வீதம் சொட்டு வழியாகவும் தர வேண்டும் என்கிறது அது. எனவே தங்கள் மயக்கவியல் மருத்துவர் மனம்போனபடி எதையும் சொல்லிவிடவில்லை. ஒரு பக்கம் நோய்த்தொற்றைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்கள். மறுபக்கம் அறுவை மேசையில் அழுத்தம் சரிவதைக் கண்முன் காண்பவர்கள். இரு சாராரின் கவலையும் நியாயமானது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு என்பது தெளிவாகும். 5 மி.கி. பிரெட்னிசோலோன், 4 மி.கி. மெதில்பிரெட்னிசோலோன், 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், 0.75 மி.கி. டெக்சாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு அளவுகள் ஏறத்தாழச் சமம். ஆகவே தாயாரின் 7.5 மி.கி. மாத்திரை, 30 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். அட்ரீனல் சுரப்பி முற்றிலும் செயலிழந்தவருக்குக் கூட அன்றாட ஈடாக வாய்வழியே தருவது 15 முதல் 25 மி.கி. வரைதான், அதற்கும் மேலான அளவு ஏற்கெனவே அவர் உடலில் இருக்கிறது. நலமுள்ள ஒருவரின் சுரப்பி பெரிய அறுவையின் முதல் நாளில் 75 முதல் 150 மி.கி. வரை சுரக்கலாம் என்பது 1990களில் செய்யப்பட்ட மதிப்பீடு. சிக்கலில்லாத அறுவையில் ஓரிரு நாளில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். நாளொன்றுக்கு 300 மி.கி., அதுவும் மூன்று நாள் என்பது இந்த உச்சத்தைப் போல் இரு மடங்கு. பிரெட்னிசோலோனாகச் சொன்னால் 75 மி.கி.; அவருடைய அன்றாட அளவின் பத்து மடங்கு.

அதிகம் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் அதை வெளியேற்றுவது மிகக் கடினம். கிருமிகள் அதன் பரப்பில் ஒரு படலத்தைப் பின்னிக்கொண்டு, மருந்துக்கும் வெள்ளணுக்களுக்கும் எட்டாமல் இருந்துவிடும். பல சமயங்களில் வைத்த மூட்டையே கழற்றிவிட்டு, மாதக்கணக்கில் சிகிச்சை செய்து, மீண்டும் இன்னொன்றைப் பொருத்த நேர்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இந்தத் தொற்று அபாயம் இயல்பாகவே கூடுதல். ஸ்டீராய்டின் அன்றாட அளவு ஏற ஏற அது மேலும் கூடுகிறது, குறிப்பாக 15 மி.கி.க்கு மேல். நீண்ட காலம் எடுத்த அளவுக்கும் ஓரிரு நாள் ஊசிக்கும் வேறுபாடு உண்டு; ஒரே ஒரு ஊசி பெருந்தீங்கு செய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சர்க்கரை நோயுள்ளவருக்கு மூன்று நாள் பேரளவு ஊசி என்பது, புண் மூட வேண்டிய அதே நாள்களில் சர்க்கரையை எகிறச் செய்வது. முதியவருக்கு அது தூக்கமின்மையையும் மனக்குழப்பத்தையும் தரும். இதயம் பலவீனமானவருக்கு உடலில் நீரைத் தேக்கும். காய்ச்சலையும் வீக்கத்தையும் மறைத்துவிடுவதால், தொற்று தொடங்கினாலும் அடையாளம் தாமதமாகவே தெரியும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையை ஸ்டீராய்டே உயர்த்திவிடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் குழப்பும்.

நடைமுறையில் இந்த விவாதத்தைப் பாதி தீர்த்துவிடும் ஒன்று உண்டு. முழங்கால் அறுவையில் வாந்தியையும் வலியையும் குறைக்கப் பெரும்பாலான மயக்கவியல் மருத்துவர்கள் டெக்சாமெத்தசோன் ஊசி ஒன்றைப் போடுகிறார்கள். 8 மி.கி. டெக்சாமெத்தசோன் என்பது 200 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்கும் சற்று மேலானது. அதன் விளைவு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும். மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டுதலே 6 முதல் 8 மி.கி. டெக்சாமெத்தசோன் 24 மணி நேரத்துக்குப் போதும் என்று ஏற்றுக்கொள்கிறது. வாந்திக்காக டெக்சாமெத்தசோனையும் போட்டு, அதையே மறந்து ஹைட்ரோகார்டிசோனையும் மூன்று நாள் எழுதிவைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே மயக்கவியல் மருத்துவரிடம் சண்டை போட வேண்டாம். “அம்மாவுக்கு டெக்சாமெத்தசோன் போடுவீர்களா? போட்டால் ஹைட்ரோகார்டிசோன் தேவைப்படுமா? ஒரே ஊசியுடன் நிறுத்தி, அன்றாட மாத்திரையைத் தொடர்ந்து, அழுத்தத்தைக் கவனிக்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இதற்கு உடன்படுவார்கள். அவர் தன் அனுபவத்தில் ஓர் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், அதற்காக அறுவையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் இதுவரை சொன்னதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அட்ரீனல் சுரப்பியே நோயுற்றவர்கள், பிட்யூட்டரி அல்லது ஹைப்போதலாமஸ் கெட்டவர்கள் ஆகியோருக்கு அறுவையின்போது கூடுதல் ஹைட்ரோகார்டிசோன் கட்டாயம். அதில் விவாதமே இல்லை. அட்ரீனல் சுரப்பியே பாதிக்கப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் மட்டும் போதாது, ஏனெனில் உப்பைத் தக்கவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சிறுவயதில் வாதம் வந்து, வளரும் பருவத்திலேயே ஸ்டீராய்டு எடுத்தவர்களை அமெரிக்க வழிகாட்டுதல் தன் பரிந்துரையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. முன்பு ஒரு முறை ஸ்டீராய்டைக் குறைத்தபோது மயங்கி விழுந்தவர், முகம் உருண்டு தோல் மெலிந்து குஷிங் தோற்றம் கொண்டவர், ரிஃபாம்பிசின், ஃபெனிடோயின் போல ஸ்டீராய்டை விரைவாகச் சிதைக்கும் மருந்துகளை எடுப்பவர் ஆகியோரையும் நான் தனி வகையாகவே கருதுவேன்.

இன்னொரு வகையினர் எளிதில் கண்ணில் படாமல் போகிறார்கள்: அண்மையில் ஸ்டீராய்டை நிறுத்தியவர்கள். மருந்துச் சீட்டில் ஸ்டீராய்டே இருக்காது. கேட்டால் “இப்போது எதுவும் எடுக்கவில்லை” என்பார்கள். உண்மையில் மூன்று மாதத்துக்கு முன்புதான் இரண்டு ஆண்டுப் பழக்கம் நின்றிருக்கும். மாத்திரையும் இல்லை, சுரப்பியும் முழுமையாக விழிக்கவில்லை. மாத்திரையைத் தொடர்கிற தங்கள் தாயாரைவிட இவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். இப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்கு முன்பு காலை எட்டு மணியளவில் கார்டிசால் பரிசோதனை செய்வது பயனுள்ளது. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி மீண்டுவிட்டது என்று பொதுவாகக் கொள்ளலாம். 5க்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்று கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். இடைப்பட்டதாக இருந்தால் ஏ.சி.டி.எச். தூண்டல் சோதனை உதவும். பிரெட்னிசோலோன் எடுத்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் மருந்தும் கார்டிசாலாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும் என்பதை ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டும். என்ன பொருள் கலந்திருக்கிறது என்று தெரியாத வலிநிவாரணப் பொடிகளையும் மாத்திரைகளையும் நீண்ட காலம் எடுத்தவர்கள், மூட்டுகளில் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஆஸ்துமாவுக்காக அதிக அளவு உறிஞ்சு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் இதே ஆபத்தில் இருக்கக்கூடும். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இப்போது கையிலிருக்கும் ஆறு வாரத்துக்கு வருவோம். புண் ஆறாது என்று சொன்ன உதவியாளரின் கவலையில் ஓர் உண்மை இருக்கிறது. அதற்கு விடை காண வேண்டிய காலம் இதுதான், அறுவைக்கு முந்தைய இரண்டு வாரமன்று. நாளொன்றுக்கு 20 மி.கி.க்கு மேல் எடுக்கும் ஒருவராக இருந்தால், அவசரமில்லாத இந்த அறுவையைத் தள்ளிவைத்து, வேறு மருந்துகளால் நோயை அடக்கி, அளவை 20க்குக் கீழே கொண்டுவந்த பின்பே செய்ய வேண்டும் என்பேன். தாயார் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறார். மூட்டுகள் அமைதியாக இருந்தால், வாதநோய் மருத்துவரின் கண்காணிப்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு மி.கி. வீதம் மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். மூட்டுகள் கொதித்துக்கொண்டிருந்தால் குறைக்கவே வேண்டாம். குறைத்ததால் நோய் சீறி, அறுவைக்கு முந்தைய வாரத்தில் 20 மி.கி. கொடுக்க நேர்ந்தால் எதற்காகக் குறைத்தோமோ அந்த நோக்கமே கெட்டுவிடும்.

வலி தாங்காமல் அந்த முழங்காலிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதை மட்டும் இப்போது கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மூட்டுக்குள் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் தொற்று அபாயம் கூடுகிறது. அண்மையில் ஏற்கெனவே போட்டிருந்தால் அதை அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேதியை மாற்ற வேண்டியிருக்கலாம். சர்க்கரை, பல் ஈறு, சிறுநீர்த் தொற்று, கால் விரலிடுக்குப் புண் இவற்றையும் இந்த வாரங்களில் பார்த்துவிடுங்கள். ஆறாண்டு ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்திருக்கும் என்பதால் எலும்பு அடர்த்தியை அளந்து பார்ப்பது நல்லது. மெலிந்த எலும்பில் மூட்டைப் பொருத்தும்போது அதைச் சுற்றி முறிவு ஏற்பட வாய்ப்புண்டு. ஸ்டீராய்டுக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை: 14 ஆண்டு முடக்குவாதம் உள்ளவரின் கழுத்தெலும்பு முதலிரண்டும் தளர்ந்திருக்கலாம், கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுக்கும் எக்ஸ்ரே மயக்கவியல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

மற்ற இரு மருந்துகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டியதில்லை. அதைத் தொடர்ந்தால் தொற்று கூடவில்லை, நிறுத்தினால் நோய் சீறுகிறது என்பதே ஆய்வுகள் காட்டுவது. சிறுநீரகச் செயல்பாடு மோசமாகியிருந்தால் மட்டும் வேறு முடிவு எடுக்க வேண்டும். அடாலிமுமாப் ஊசியை நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுவதானால், கடைசி ஊசிக்குப் பிந்தைய மூன்றாம் வாரத்தில் அறுவை அமைவது போல் தேதியைக் கணக்கிட வேண்டும். அதாவது ஓர் ஊசி விடுபடும். தையல் பிரித்து, கசிவோ சிவப்போ இல்லாமல் புண் மூடிய பின்பு, வழக்கமாக அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து, மீண்டும் தொடங்கலாம். ஊசி விடுபடும் இந்த இடைவெளியில் நோயை அடக்கி வைத்திருக்கப் போவது அந்தச் சிறிய பிரெட்னிசோலோன் மாத்திரையும் மெத்தோட்ரெக்சேட்டும்தான். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதற்கு இது மற்றொரு காரணம்.

அறுவையன்று காலை வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதைக் கேட்டு மாத்திரையையும் விட்டுவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நிகழும் தவறு. ஒரு மிடறு தண்ணீருடன் 7.5 மி.கி. மாத்திரையை எடுத்துக்கொள்வதில் மயக்க மருந்துக்கு எந்த இடையூறும் இல்லை. முந்தைய நாளே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், அறுவை காலையிலிருந்து மாலைக்குத் தள்ளிப்போய், மறுநாளும் வாந்தியால் எதுவும் விழுங்க முடியாமல், இரண்டு நாள் மாத்திரையின்றி இருந்துவிட்டார். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முயன்றபோது கண் இருண்டு விழுந்தார். இரத்தம் குறைந்துவிட்டதோ என்று தேடினார்கள், நுரையீரலில் இரத்தக் கட்டியோ என்று தேடினார்கள். மருந்து அட்டவணையில் பிரெட்னிசோலோன் வரிசை காலியாக இருந்ததை ஒரு செவிலியர்தான் கண்டார். 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் போட்ட ஓரிரு மணி நேரத்தில் அவர் தெளிந்து பேசினார். வாந்தி எடுக்கும் நோயாளிக்கு மாத்திரைக்கு ஈடான அளவைச் சிரை வழியாகக் கொடுக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. தாயாருக்கு அந்த ஈடு நாளொன்றுக்குக் குறைந்தது 30 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், நடைமுறையில் 25 மி.கி. வீதம் இரண்டு வேளை கொடுப்பது எளிது.

அறுவைக்குப் பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை உடனிருப்பவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. காரணம் தெரியாமல் அழுத்தம் குறைதல், எழுந்தால் தலைசுற்றல், ஓயாத குமட்டல், வயிற்றுவலி, அளவுக்கு மீறிய சோர்வு, உளறல், காய்ச்சல், சர்க்கரை குறைதல், இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை அட்ரீனல் குறைபாட்டின் அடையாளங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அறுவைக்குப் பின் வேறு பல காரணங்களும் உண்டு: இரத்த இழப்பு, தண்டுவட மயக்க மருந்து, தொற்று, மாரடைப்பு, நுரையீரல் இரத்தக் கட்டி. மருத்துவர் அவற்றையெல்லாம் தேடத்தான் வேண்டும். ஆனால் அட்ரீனல் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோனைச் சிரை வழியாகக் கொடுத்து, உப்புநீரை ஏற்ற வேண்டும். தேவையின்றிக் கொடுத்த ஒரே ஊசியால் பெரிய இழப்பில்லை. தேவைப்பட்டபோது கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம். வழக்கமான அளவே போதும் என்று வாதிடும் நான் இந்த ஒரு நிலையில் சிறிதும் தயங்கமாட்டேன். அன்றாட அளவு மட்டும் போதும் என்ற முடிவு, இப்படிக் கவனித்து உடனே செயல்படக்கூடிய மருத்துவமனையில்தான் பாதுகாப்பானது. தொற்றோ, மறு அறுவையோ, தீவிர சிகிச்சையோ தேவைப்பட்டால் முழுக் கணக்கும் மாறிவிடும். அப்போது கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் மருந்துச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள். வலி மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, நோயுயிர்க்கொல்லி எல்லாம் இருக்கும். பிரெட்னிசோலோன் விடுபட்டிருக்கும், அல்லது மருத்துவமனையில் கூட்டிய அளவு அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும். ஸ்டீராய்டுடன் அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பைப் புண் வரக்கூடும் என்பதால் வயிற்றைக் காக்கும் மாத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தோல் மெலிந்தவர்களுக்குப் பிளாஸ்திரியைப் பிய்த்தெடுக்கும்போதே தோல் உரிந்துவிடும். கட்டு மாற்றுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களில் கையிலோ மணிக்கட்டிலோ வீக்கம் சீறினால் தாங்களாகவே மாத்திரையைக் கூட்டாமல் வாதநோய் மருத்துவரை அழையுங்கள். அறுவை செய்த முழங்கால் மட்டும் தனியாகச் சூடேறி வீங்கினால் அதை வாதச் சீற்றம் என்று எண்ணாமல் அறுவை மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாதநோய் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எத்தனை ஆண்டுகளாக எவ்வளவு ஸ்டீராய்டு, எதை நிறுத்தக் கூடாது, எதை எந்த நாளில் நிறுத்தி எப்போது தொடங்க வேண்டும், விழுங்க முடியாவிட்டால் ஈடான ஊசி எவ்வளவு, அழுத்தம் சரிந்தால் உடனே என்ன கொடுக்க வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஒரு படியை அறுவை மருத்துவரிடமும் ஒரு படியை மயக்கவியல் மருத்துவரிடமும் நேரில் கொடுங்கள். மூன்றாவது படி தாயாரின் கைப்பையிலேயே இருக்கட்டும்.